கை நனைக்காத இலை

"இலையில கை வைக்காம எந்திரிச்சா என்ன அர்த்தம் மதினி? எங்க வீட்டுச் சோத்துல வெசமா வச்சிருக்கு?"

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க. பிள்ளைக்கு ரெண்டு நாளா வயித்துக்குச் சேரல..."

"வயித்துக்குச் சேரலைன்னா வாயை எதுக்கு முந்தானையால பொத்துதா? நாத்தம் அடிக்கோ? விடியும் முன்ன எந்திரிச்சு அடுப்படியில வெந்து கெடக்கேன் நான்!"

"பொத்தலை மதினி. சும்மா மூஞ்சியத் தொடச்சா."

"தொடச்சாளா? எனக்கென்ன கண்ணு பொட்டையா?"

கேட்டவள் மாப்பிள்ளையின் அம்மா முனீஸ்வரி. பதில் சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்துபோனவள் பெண்ணின் அம்மா பிச்சையம்மாள். இருவருக்கும் நடுவில், பரிமாறிய இலைக்கு முன்னால், உட்காரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றாள் நாகஜோதி. பட்டு முந்தானை அவளுடைய இடது தாடையை அழுத்திக்கொண்டிருந்தது. முனீஸ்வரி சொன்னதில் பொய்யில்லை. பார்க்கிற யாருக்கும் அது சோற்று வாடை பிடிக்காமல் மூக்கைப் பொத்துகிற மாதிரிதான் இருந்தது.

நடந்தது ஆவணி மாதத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில், மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில். காலையில் அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலை என்ற மலைக்கோயிலில் வைத்துப் பெண் பார்த்தாயிற்று. பெருமாள் சன்னதியில் இரண்டு பக்கமும் சிரித்தபடி தேங்காய் உடைத்தாயிற்று. அதோடு பெண் வீட்டார் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. முனீஸ்வரி விடவில்லை. "வீடு பக்கத்துலதான் இருக்கு. வந்து கை நனைச்சிட்டுப் போங்க" என்றாள். கை நனைப்பது என்றால் சும்மா சாப்பிடுவதில்லை. அந்த வீட்டு இலையில் ஒரு வாய் உண்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. கை நனைக்காமல் எழுந்தால் இந்த இடம் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இலையால் சொல்வதற்கென்றே ஏற்பட்ட முறை. பெண்ணையே மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைப்பது எந்த ஊர் வழக்கம் என்று பின்னால் தெருவில் கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் பாதிப்பேர் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதையே செய்தவர்கள்தான்.

சாப்பிட வேண்டும் என்றுதான் நாகஜோதியும் உட்கார்ந்தாள். இலையின் ஓரத்தில் மாங்காய் ஊறுகாயை வைத்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாயில் எச்சில் ஊறியது. ஊறின உடனே இடது தாடைக்குக் கீழே அது வந்துவிட்டது. முதலில் ஒரு சுருக். பிறகு உள்ளே யாரோ காற்றடிப்பது போல ஒரு விம்மல். எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டு நிற்கும். கண்ணாடியில் பார்த்து அவளுக்குத் தெரியும். எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் சித்தி, பெரியம்மா, அத்தை எல்லாரும் அவள் எப்படி மெல்லுகிறாள் என்று பார்ப்பதற்காகத் தாங்கள் மெல்லாமல் காத்திருந்தார்கள். அவள் முந்தானையை எடுத்துத் தாடையில் வைத்தாள். எழுந்தாள்.

"ஏட்டி, ஒரு வாய் அள்ளிப் போட்டுரு. உன் காலப் பிடிக்கேன்" என்று பிச்சையம்மாள் காதருகில் கெஞ்சினாள். நாகஜோதி தலையை மட்டும் ஆட்டினாள். தெருவாசலில் கைகழுவும் வாளியோடு நின்ற லிங்கேஸ்வரன், அதுதான் மாப்பிள்ளை, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாளியை அவன் கடைசிவரை கீழே வைக்கவில்லை என்று பிச்சையம்மாள் பின்னால் சொல்லி அழுதாள்.

இது வீட்டார் தேடிப்பிடித்த சம்பந்தம் என்று ஊருக்குச் சொன்னார்கள். ஊரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டது. நாகஜோதி வேலை பார்த்தது ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில். காயத்துக்குக் கட்டுகிற அந்த வலைத் துணியைச் சுருட்டுகிற மெஷின் நின்றால் பழுது பார்க்க வருகிறவன் லிங்கேஸ்வரன். அவன் வரத் தொடங்கிய பிறகு நாகஜோதியின் மெஷின் மட்டும் ஏன் அத்தனை தடவை நின்றது என்று சூப்பர்வைசர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி யோசித்தாள். அவளுக்கு அந்தக் கம்பெனியில் வேலைகூடக் கிடையாது.

வீக்கம் ஆனி மாதத்திலிருந்தே இருந்தது. சாப்பிடும்போது வரும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் வடிந்துவிடும். புளிப்பு என்றால் கூடுதல். நாகஜோதி யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் சுவரில் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பா தங்கச்சாமி.

தங்கச்சாமிக்கும் தாடைக்குக் கீழேதான் முதலில் தடித்தது. வாயில் எந்நேரமும் புகையிலை அடக்குகிறவர். துண்டைத் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு திரிந்தார். கேட்டால் பல்வலி என்றார். துண்டை அவிழ்த்துப் பார்த்தபோது மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கடைசி மாதங்களில் மூக்கு வழியே போட்ட குழாயில் கஞ்சியை ஊற்றியவள் நாகஜோதி. ஊற்றும்போது அம்மாவைத்தான் பார்ப்பாள். பிச்சையம்மாள் கட்டிலின் காலோடு காலாக உட்கார்ந்து, தன் பங்குச் சோற்றைத் தட்டோடு மடியில் வைத்துக்கொண்டு, தின்னாமல் இருப்பாள். அப்பாவின் முகம் மறந்தாலும் நாகஜோதிக்கு அந்தத் தட்டு மறக்கவில்லை.

லிங்கேஸ்வரன் மடியில் அப்படி ஒரு தட்டு இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுடைய கணக்கு. டாக்டரிடம் போய்க் கேட்டால் என்ன என்று நமக்குத் தோன்றும். போனால் சொல்லிவிடுவார்களே. சொல்லாதவரைக்கும் அது வீக்கம். சொல்லிவிட்டால் அதற்குப் பேர் வந்துவிடும்.

மறுநாள் மத்தியானம் லிங்கேஸ்வரன் கம்பெனி கேட்டில் வந்து நின்றான். மெஷின் எதுவும் நிற்கவில்லை.

"சாப்பாட்டுல என்ன குறை?" என்று கேட்டான்.

"பிடிக்கல."

"எது? சாப்பாடா, நானா?"

நாகஜோதி அவன் சட்டைப் பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டுந்தான்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"எங்க பாத்துச் சொன்னா என்னங்க? சொல்லியாச்சுல்ல. வேலை கெடக்கு எனக்கு."

வாட்ச்மேன் அதுவரை பீடி பற்றவைப்பது போலத் தீக்குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்த 'பிடிக்கல'வும் 'ரெண்டுந்தான்'னும் பொழுது சாய்வதற்குள் தெருவுக்கு வந்து சேர்ந்தன.

தெரு சும்மா இருக்குமா? ஒருத்தி, பெண் வேறொருவனை மனதில் வைத்திருக்கிறாள் என்றாள். இன்னொருத்தி, அவளுக்குக் கடைவாய்ப் பல்லே கிடையாது, மெல்லத் தெரியாது என்றாள். மாப்பிள்ளை வீட்டார் ரகசியமாக நகை கூடக் கேட்டுவிட்டார்கள் என்று மூன்றாவதாக ஒரு கட்சி. உண்மையைக் கண்டுபிடித்தது வெங்கடேஸ்வரிதான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். ஆனால் துப்பறிவதற்குப் பாஷை எதற்கு? பின்பக்கத்துக் குட்டைச் சுவரில் துவைத்த சேலையைக் காயப்போட வந்தவள், உள்ளே நாகஜோதி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து ரசஞ்சாதம் சாப்பிடுவதைப் பார்த்தாள். தாடை வீங்கியதையும் பார்த்தாள். சேலையைப் பிழியாமலே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"அம்மாயிக்கு, அதான் அந்தப் பிள்ளைக்கு, அப்பனுக்கு வந்ததேதான் வந்திருக்கு. நான் கண்ணால பாத்தேன். பாவம், அதான் அந்தப் பையன வேணாம்னுருக்கா" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. தண்ணீரைத் துடைத்துக்கொண்டு அதே செய்தியை அடுத்த வீட்டுக்கும் கொண்டுபோனாள் என்பதும் உண்மை. செய்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக அதிக நேரம் பிடிக்கவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ் ஓடிக்கொண்டேதானே இருக்கிறது.

முனீஸ்வரி கேட்டதும் உட்கார்ந்துவிட்டாளாம். "நானும் அந்தப் பிள்ளைய வாய்க்கு வந்தபடி ஏசிட்டேனே" என்றாளாம் முதலில். அடுத்த மூச்சில் "மலைமேல இருக்கிற பெருமாள்தான் என் மகனைக் காப்பாத்துனாரு" என்றாளாம். இரண்டும் அவளுக்கு மனதில் பட்டதுதான்.

லிங்கேஸ்வரன் யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் வந்தான். பிச்சையம்மாள் கடைக்குப் போயிருந்த நேரம். கதவைத் தட்டினான். நாகஜோதி உள்ளே தாழ்ப்பாளுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"நாகு, கதவைத் தெற. ஒண்ணும் பேச வேண்டாம். வண்டியில ஏறு. மதுரைக்குப் போயி ஸ்கேன் எடுத்துப் பாத்திருவோம்."

அவள் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எதுவா இருந்தாலும் நான் இருக்கேன்ல. என்னன்னு தெரிஞ்சிட்டாப் போதும்."

"நீங்க போங்க" என்றாள். "தெருவே பாத்துட்டு இருக்கும்."

தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு மட்டும் எல்லாருக்கும் வாசலில் பெருக்க அவ்வளவு குப்பை இருந்தது.

"நான் இப்படியே நின்னாத் தெறப்பியா?"

"தெறக்க மாட்டேன்."

அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கதவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தான். திறப்பதற்கு இல்லை, மெஷின் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி. உள்ளே அவளுக்கு அது தெரிந்தது. பலகை அசைந்தது. பைக் கிளம்பிப் போன சத்தம் முக்கு திரும்பும்வரை கேட்டது. அன்றைக்கு ராத்திரி அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. வீக்கமும் வரவில்லை.

தை மாதத்தில் லிங்கேஸ்வரனுக்கும் வன்னியம்பட்டிப் பெண் இந்துவுக்கும் கல்யாணம் நடந்தது. இந்துவின் வீட்டில் முனீஸ்வரியின் ஆட்கள் கை நனைத்தார்கள். இந்து எல்லார் கண் முன்னாலும் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். அதைப் பிச்சையம்மாள் வீட்டு வாசலில் வைத்துத்தான் சொல்ல வேண்டுமா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாசியில் நாகஜோதிக்குக் காய்ச்சல் அடித்தது. இந்தத் தடவை வீக்கம் வடியவில்லை. நாக்கைத் தூக்க முடியவில்லை. வாயில் ஏதோ கசப்பாகக் கசிந்தது. பிச்சையம்மாள் மகளைக் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் போட்டாள். ராஜபாளையத்தில் டாக்டருக்கா பஞ்சம்? ஆனால் அங்கே எந்த மாடிப்படி ஏறினாலும் இறங்குவதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பல் டாக்டர் பிரிஸ்கில்லா இருந்தார். பல் வலிக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். தங்கச்சாமியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார் என்பது ஆட்டோவில் போகும்போது பிச்சையம்மாளுக்கு நினைவு வந்தது.

டாக்டர் நாற்பது வயசுப் பெண். சத்தம் போட்டுப் பேசுகிற வகை.

"எப்பம்மா வீங்கும்?"

"சாப்பிடும்போது."

"சாப்பிட்டு முடிச்சப் பொறவு?"

"வடிஞ்சிரும். இப்பத்தான் வடியல."

"எம்புட்டு நாளா?"

"போன ஆனியில இருந்து."

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். "உங்க வீட்டுல யாருக்காவது புத்துநோய் இருந்துச்சா?"

"இவ அப்பாவுக்கு. வாயில" என்றாள் பிச்சையம்மாள்.

"அதான. ஏம்மா, புத்துக்கட்டி சோத்து நேரம் பாத்து வந்துட்டு, உண்டு முடிச்சதும் எந்திரிச்சுப் போகுமா? அது என்ன விருந்தாளியா? சரி, நாக்கைத் தூக்கு."

ஒரு விரலை நாக்குக்கு அடியிலும் இன்னொரு கையைத் தாடைக்குக் கீழேயும் வைத்து மெல்ல நெருடிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். எடுத்த படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். கறுப்பில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி.

"கல்லு. எச்சில் சுரக்கிற பை இங்க இருக்கு, தாடைக்குக் கீழ. அதுல இருந்து ஒரு குழாய் நாக்குக்கு அடியில வந்து தெறக்கும். அந்தக் குழாய்க்குள்ள கல்லு உக்காந்திருக்கு. கிட்னியில கல்லு வரதில்லையா, அந்த மாதிரி. சாப்பாட்டப் பாத்தா எச்சில் ஊறும், வெளிய வர வழியில்ல, பை வீங்கிரும். சாப்பிட்டு முடிச்சா மெள்ளமாக் கசிஞ்சு வடிஞ்சிரும். இப்ப சீப்பிடிச்சிருக்கு, அதான் காய்ச்சல். மாத்திரை தாரேன். ஆறட்டும், பொறவு எடுத்துருவோம்."

"இது... அது இல்லியா?" என்றாள் பிச்சையம்மாள்.

"அது இல்ல. நூத்துக்கு நூறு கல்லு."

"நீ வேலையில தண்ணி குடிப்பியா?" என்று டாக்டர் நாகஜோதியிடம் கேட்டார்.

கம்பெனியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை பெண்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போனால் மெஷின் நிற்கும், சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். பாட்டில் எல்லாரிடமும் உண்டு. சாயங்காலம் அதே நிறைவோடு வீட்டுக்குத் திரும்பும்.

"குடிக்கணும். எச்சில் கெட்டியாப் போனாக் கல்லு விழ வசதி" என்றார் டாக்டர்.

பத்து நாள் கழித்து மரத்துப்போகிற ஊசி போட்டு, நாக்குக்கு அடியில் சின்னதாகக் கீறிக் கல்லை எடுத்தார். துவரம்பருப்பு அளவு. வெளிறிய மஞ்சள். பஞ்சில் வைத்து நீட்டினார். பஞ்சுக்குக் கீழே இருந்த வலைத்துணி தன் கம்பெனித் துணியாக இருக்குமோ என்று நாகஜோதிக்குத் தோன்றியது. இந்த மாதிரி நேரத்தில் புத்தி எங்கெங்கோ போகும்.

பிச்சையம்மாள் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையாயிற்று. "இதுக்கா... இந்தப் பருப்புக்கா..." என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

நாகஜோதி வாயில் பஞ்சைக் கடித்தபடியே கேட்டாள். சொல் குழறியது. "ஆவணியில வந்திருந்தா, டாக்டர்?"

"ஆவணியில வந்திருந்தாலும் இதேதான். சீக்கூடப் பிடிச்சிருக்காது. அரை மணி நேர வேலை." சந்தோஷமான செய்தி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னார் டாக்டர். அவருக்கு என்ன தெரியும்?

தெருவில் செய்தி பரவியதும் முதல் வேலையாக எல்லாரும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாயைத் திறந்தார்கள். திறந்தால் ஏதாவது தெரியாமல் இருக்குமா? வெங்கடேஸ்வரிக்கு மேலண்ணத்தின் நடுவில் கல்லு மாதிரி ஒரு மேடு. பிறவியிலிருந்தே இருந்ததை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள். முக்குக்கடைக்காரர் மனைவியின் நாக்கில் பூகோளப் படம் மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு உதட்டைக் கடித்துக் கடித்து உள்ளே நீலமாய் ஒரு குமிழி. எல்லாரும் ஒரே பஸ்ஸில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். அண்ணத்து மேடு வெறும் எலும்பு, சும்மா விடலாம். நாக்குப் படம் தானே வரும், தானே மாறும். குமிழி எச்சில் தேங்கியது, தொந்தரவென்றால் எடுத்துவிடலாம். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. ஏதாவது இருந்திருக்கலாம் என்பது போன்ற முகத்தோடு திரும்பி வந்தார்கள்.

நாகஜோதியின் கல்லையும் எல்லாரும் பார்க்கக் கேட்டார்கள். கைமாறிக் கைமாறிப் போய் எங்கேயோ விழுந்துவிட்டது. யார் கையில் தொலைந்தது என்று இன்றுவரை தகராறு.

பங்குனியில் ஒருநாள் சுருட்டுகிற மெஷின் நிஜமாகவே நின்றது. லிங்கேஸ்வரன் வந்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம். நாகஜோதி எல்லாரோடும் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவின் மூடியில் எலுமிச்சை ஊறுகாய். பக்கத்தில் பாதி குடித்த தண்ணீர்ப் பாட்டில்.

அவன் கருவிப்பெட்டியோடு நின்றுவிட்டான்.

"சாப்பிடுறியா?"

"ம்."

"வீக்கம்?"

"கல்லு. எச்சில் குழாயில இருந்துச்சாம். எடுத்தாச்சு."

"கல்லா?"

"கல்லுதான்."

அவன் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது. பிழைத்துக்கொண்டாள் என்கிற சிரிப்பு. அது முழுசாக வருவதற்குள் வேறொன்று வந்து அதை எடுத்துக்கொண்டு போயிற்று. "நல்லதாப் போச்சு" என்றான். மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். முறுக்கி முடித்த போல்ட்டையே ஸ்பேனரால் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தான். மரை கழன்று சத்தம் மாறியதும் நிறுத்தினான். நாகஜோதி கையில் இருந்த கவளத்தை வாயில் வைத்தாள். எச்சில் ஊறியது, தடையில்லாமல் வந்தது. விழுங்கத்தான் நேரமாயிற்று.

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனிக்கு வேறு ஆள்தான் பழுது பார்க்க வருகிறான். லிங்கேஸ்வரன் இந்துவைக் கூட்டிக்கொண்டு பல்லடத்துப் பக்கம் ஒரு மில்லுக்குப் போய்விட்டான். பெண் குழந்தை என்று கேள்வி. முனீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒருத்திக்காகச் சமைக்கப் பிடிக்கவில்லை என்று பாதி நாள் கோயில் பிரசாதத்தில் ஓட்டுகிறாளாம். வெங்கடேஸ்வரி மகனோடு கோயம்புத்தூருக்குக் குடிபோனாள். இப்போது இந்தத் தெருச் செய்தியை ஃபோனில்தான் கேட்டுக்கொள்கிறாள்.

நாகஜோதிக்கு அடுத்த வருஷம் தளவாய்புரத்தில் முடிந்தது. மாப்பிள்ளை சோலைராஜ், நைட்டி தைக்கிற இடத்தில் கட்டிங் மாஸ்டர். நல்ல மாதிரி. கை நனைக்க உட்கார்ந்தபோது அவள் யாரும் சொல்வதற்கு முன்பே சோற்றில் கை வைத்தாள். ஊறுகாயையும் தொட்டுக்கொண்டாள். "பிள்ளை கூச்சமில்லாமச் சாப்பிடுது" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மெச்சினார்கள். அவளுடைய இடதுகை மட்டும் முந்தானையோடு தாடைவரைக்கும் போய், அங்கே ஒன்றும் இல்லாததால், மடிக்குத் திரும்பியது. அதைப் பிச்சையம்மாள் பார்த்தாள். அம்மாவின் இலையில் சோறு அப்படியே இருந்தது.